மகள் பழங்குடிப் பண்பாட்டு மையத்தைத் தீசிஸாக எடுத்திருக்கிறாளா? கவலைப்படும் பெற்றோருக்கும், மகளுக்கும்

கட்டடக்கலை இறுதியாண்டில் செய்யும் வடிவமைப்புத் திட்டமான தீசிஸுக்கு மகள் இந்தத் தலைப்பைச் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பண்பாட்டு மையங்களை மட்டுமே வடிவமைத்துப் பிழைப்பு நடத்துவது அரிது. அவை அடிக்கடி கட்டப்படுபவை அல்ல. ஆனால் தீசிஸை ஒழுங்காகச் செய்தால் மூன்று திறமைகள் கைக்கு வந்துவிடும்: புழங்கப்போகிறவர்களிடம் கேட்டுத் தேவைப்பட்டியல் தயாரிப்பது, பக்கத்தில் கிடைக்கும் பொருளால் கட்டுவது, பராமரிப்புக் கணக்குப் போடுவது. பள்ளி, மருத்துவமனை, அருங்காட்சியகம், மறுகுடியமர்வு வீடு என எதை வரையும் அலுவலகமும் தேடுவது இந்தத் திறமைகளைத்தான். ஏனோதானோவென்று செய்தால் மிஞ்சுவது கணினியில் செய்த பளபளப்பான ரெண்டர் படங்கள் மட்டுமே.

இனி மகளுக்கு.

வடிவத்தில் தொடங்காதீர்கள். பறவை வடிவக் கூரை, முரசு வடிவ அரங்கு எல்லாம் தீசிஸை மதிப்பிடும் ஜூரிக்குப் பழகிப்போனவை. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் நூமேயாவில் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த ஜான்-மரி ஜிபாவு பண்பாட்டு மையத்தை (1998) ஜூரியில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்களின் குடிசைகளை நினைவூட்டும் 10 மரக்கூடுகள் அங்கே நிற்கின்றன. மிக உயர்ந்தது 28 மீட்டர். அந்த வளைவை அப்படியே எடுத்து வைத்தால் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். படிக்க வேண்டியது வேறு: கூடுகளின் இரட்டைத் தோலுக்கு (இரண்டு அடுக்குச் சுவருக்கு) நடுவே காற்று எப்படி ஏறுகிறது, காற்றின் வேகத்துக்கேற்பச் சட்டங்கள் எப்படித் திறந்து மூடுகின்றன, மானிடவியலாளர் ஆல்பன் பென்சா வடிவமைப்பில் எந்தக் கட்டத்தில் சேர்ந்தார். ஒரு நெருடலையும் கவனியுங்கள். கூடுகளுக்குப் பயன்படுத்திய இரோகோ மரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நீடித்து உழைக்கும், சரி. ஆனால் 'நீடித்த' என்ற சொல்லில் தூரமும் அடக்கம் இல்லையா?

அதன் பக்கத்தில் நியூசிலாந்தின் தானேயாட்டுவாவில் மாவோரிகளில் ஒரு பிரிவினரான தூஹோ மக்கள் 2014-இல் திறந்த தே குரா ஃபாரே என்ற தங்கள் பொதுக் கட்டடத்தை வைத்துப் பாருங்கள். சுடாத மண் கற்களை அந்த மக்களே செய்தார்கள். கட்டடங்களின் சுற்றுச்சூழல் தரத்துக்கான லிவிங் பில்டிங் சேலஞ்ச் சான்று பெற, 12 மாதம் இயங்கிய மின்சார, தண்ணீர்க் கணக்கைக் காட்ட வேண்டும். வரைபடத்தில் எழுதிய வாக்குறுதி செல்லாது. உங்கள் தீசிஸிலும் ஓராண்டுக் கணக்கு ஒன்று இருக்கட்டும். தண்ணீருக்கு எளிய வழி: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். வழிந்தும் சிதறியும் போவதைக் கழித்தால் ஏறத்தாழ 800. மாதவாரி மழையளவை இதில் போட்டால் தொட்டியின் கொள்ளளவு தெரிந்துவிடும்.

பரப்பளவை அடக்கி வையுங்கள். கூடம் 150 சதுர மீட்டர், பட்டறை இரண்டு சேர்த்து 100, கிடங்கு 60, ஆவண அறை 40, சமையலறை 40, கழிப்பறைகள் 30, மூத்தோர் அறை 25, அலுவலகம் 25. மொத்தம் 470. நடைவழிக்கும் சுவர்களுக்கும் 25 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 590. தீசிஸுக்கு இதுவே தாராளம். கிடங்கைச் சுருக்கிக் கூடத்தைப் பெருக்குவதுதான் வழக்கமான தவறு. விழாப் பொருள்கள் ஆண்டில் பெரும்பாலான நாள் கிடங்கில்தான் இருக்கும். ஆவண அறைக்கு மேலே கழிப்பறையோ தண்ணீர்த் தொட்டியோ வரக் கூடாது.

பிறகு பிளானை மூன்று நிறத்தில் தீட்டுங்கள்: எல்லோரும் வரலாம், அந்த மக்கள் மட்டும், அவர்களிலும் சிலர் மட்டும். மூன்றாவது நிறத்துக்குப் போகும் வழி பார்வையாளர் கூட்டத்தைக் கடக்கிறதென்றால் பிளான் தப்பு. புகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில சமூகங்களின் சடங்கில் மூலிகையை எரித்துப் புகை காட்டுவார்கள். அந்த அறையில் சாதாரணப் புகை உணர்வியைப் பொருத்தினால் சடங்கின் நடுவே அலாரம் அலறும். கடைசியில் யாராவது அதைக் கழற்றியே வைத்துவிடுவார்கள், அது இன்னும் ஆபத்து. வெப்ப உணர்வியும் தனிப் புகைபோக்கியும் வைக்க முடியுமா என்று தீயணைப்பு விதிகளைப் பார்த்து, அந்த அறையின் குறுக்குவெட்டில் காட்டுங்கள். நேர்முகத்தேர்வில் ஐந்து ரெண்டரைவிட இந்த ஒரு படத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

மண்சுவர் போடுவதாக இருந்தால் கொஞ்சம் கை அழுக்காகட்டும். கனடாவின் ஒசோயூஸில் உள்ள இன்கமீப் பாலைவனப் பண்பாட்டு மையத்தில் (2006) இடித்துக் கெட்டித்த மண்சுவர் 80 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் உயரம், 60 செ.மீ. கனம். அந்தக் கனம் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகிறது. நீங்கள் ஒரு கண்ணாடிக் குடுவையில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல், வண்டல், களி தனித்தனியாகப் படியும். களி மிகுந்தால் சுவர் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். 15 செ.மீ. தளர்ந்த மண்ணை இடித்தால் ஏறத்தாழ 10 செ.மீ. ஆகும், சாரமும் ஆள்கணக்கும் இதிலிருந்துதான். மண்சுவர் கெடுவது பெரும்பாலும் அடியில்: கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்துச் சுவரை அரிக்கும். அதற்குத்தான் உயர்ந்த கல் பேஸ்மட்டமும் அகன்ற இறவாரமும். மேலே சிமெண்ட் பூசிக் 'காப்பாற்ற' நினைத்தால் ஈரம் உள்ளே சிக்கிப் பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பு அல்லது மண் பூச்சே பொருந்தும்.

அந்தச் சமூகத்திடம் ஒப்புதல் வாங்கும் விஷயத்தில் சலுகை இல்லை. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் (2007) தன் 31ஆம் பிரிவில், மரபறிவும் பண்பாட்டு வெளிப்பாடுகளும் அந்த மக்களுக்கே உரியவை என்கிறது. ஒரு கோலத்தை முகப்பில் வைக்க அனுமதி கொடுத்தவர்கள், அதை உங்கள் இணைய போர்ட்ஃபோலியோவில் (வேலைக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பில்) போட அனுமதித்ததாக ஆகாது. எதை, எங்கே, எவ்வளவு காலம், யார் சொன்னால் நீக்க வேண்டும் என்ற நான்கும் ஒப்புதல் தாளில் இருக்கட்டும்.

போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் முகப்புப் படத்துக்குப் பதில், அவர்கள் சொன்னதால் மாறிய ஒரு பிளானை முன்னும் பின்னுமாக வையுங்கள். கடைசிப் பக்கத்தில் பராமரிப்பு அட்டவணை: எந்தப் பூச்சு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, யார் செய்வார், காசு எங்கிருந்து.

பெற்றோருக்கு ஒன்று. இந்தத் தீசிஸில் செலவு கம்ப்யூட்டருக்கு அல்ல, பயணத்துக்கு. அந்த மக்கள் வாழும் இடத்துக்குக் குறைந்தது மூன்று முறை போக வேண்டும்: முதல் முறை கேமரா இல்லாமல், இரண்டாம் முறை கையால் பிரித்து மாற்றக்கூடிய அட்டை மாடலோடு, மூன்றாம் முறை முடிந்த வரைபடத்தோடு. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜூரி முடிந்த பிறகானாலும் அனுப்பி வையுங்கள். ஒரு படியை அங்கேயே கொடுத்துவிட்டு வரட்டும்.