படகில் பெயர் எழுதுகிறவன் பி.எஃப்.ஏ. படிக்கலாமா?

சேருங்கள் தம்பி, ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.ஏ. என்பது ஓவியம், சிற்பம் போன்ற கவின்கலைக்கான பட்டம், நான்கு வருடப் படிப்பு. தனியாரில் சேர அப்பா படகை அடகு வைக்க வேண்டும் என்கிறீர்களே, அது வேண்டவே வேண்டாம்.

பாம்பனில் பெயர் எழுதிச் சம்பாதிக்கிறேன், ஆனாலும் படிக்கத் தகுதி உண்டா என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வரைந்து அனுப்பிய ஆறு படமும் செல்போன் படத்தைப் பார்த்து வரைந்தது மாதிரித் தெரிகிறது. பயம் அங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நேரில் பார்த்து வரைந்து கை பழகவில்லை. சேர்க்கைக்கான செய்முறைத் தேர்வில் அதுதான் உதவும்.

ஒரு மாதம் செய்து பாருங்கள். காலையில் வலையில் நண்டு கழற்றும் இடத்தில் உட்கார்ந்து தினம் பத்து படம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பென்சில் மட்டும், ரப்பர் கூடாது. கொடுக்கு கடிக்காமல் நண்டைப் பிடிக்கும்போது கட்டைவிரல் எப்படி மடங்குகிறது, குனிந்தவரின் எடை எந்தக் காலில் நிற்கிறது, இதைப் பிடியுங்கள். முகமெல்லாம் அப்புறம். முப்பதாம் நாளும் போகத் தோன்றினால் விண்ணப்பம் போடுங்கள். எழுத்து கைவந்தவர் என்பதால் எழுத்தும் படமும் வைத்துச் செய்தி சொல்லக் கற்றுத்தரும் விஷுவல் கம்யூனிகேஷன் பிரிவையும் யோசியுங்கள்.

பட்டம் வாங்கியதுமே வேலை கிடைத்துவிடாது. அதனால் தொழிலை விடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் பெயிண்டுக்குக் காத்திருக்கும். கல்லூரிக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அப்போதுதான், ஊருக்கு வந்து பெயர் எழுதலாம்.