லெப்டின் அதிகம், அடிபோனெக்டின் குறைவு: மகனுக்கு மருந்து வேண்டுமா?

கேள்வி: மகனுக்கு 10 வயது. உயரம் 138 செ.மீ., எடை 52 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 84 செ.மீ. ரத்தப் பரிசோதனையில் லெப்டின் அதிகம், அடிபோனெக்டின் குறைவு என்று வந்திருக்கிறது. லெப்டின் பசியை அடக்கும் ஹார்மோன் என்கிறார்கள். அப்படியானால் இவனுக்கு ஏன் எப்போதும் பசிக்கிறது? மருந்து தர வேண்டுமா?

பதில்: இந்த இரண்டு எண்களுக்காக மருந்து வேண்டாம்.

லெப்டின் கொழுப்புத் திசுவில் சுரக்கிறது. கொழுப்பு சேரச் சேர அதுவும் கூடும். ‘இருப்பு போதும்’ என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் சொல்வது அதன் வேலை. அளவு எப்போதும் உயர்ந்தே இருந்தால் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. பசி அடங்காததற்கு இது ஒரு காரணம். 1994-இல் லெப்டின் கண்டறியப்பட்டபோது, ஊசியாகப் போட்டால் பருமன் தீரும் என்ற நம்பிக்கை எழுந்தது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்குத்தான் அது பலித்தது. உங்கள் மகனின் நிலை அதற்கு நேர் எதிர்.

அடிபோனெக்டின் விசித்திரமானது. கொழுப்பு செல்லில்தான் உருவாகிறது, ஆனால் அந்த செல்கள் பருத்து அழற்சி வந்தால் சுரப்பு குறையும். அது குறைந்தால் கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் சரியாக இணங்காது. கழுத்து, அக்குள் மடிப்புகளில் வெல்வெட் போன்ற கருமை இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று தேய்த்துப் பயனில்லை, அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம்.

சிகிச்சையைத் தீர்மானிப்பவை வேறு எண்கள். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் (0.5) தாண்டக் கூடாது, இவனுக்கு 0.61. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மி.கி./டெ.லி.-க்கும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்), கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி நொதி, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பாருங்கள். ஏஎல்டி 26-ஐத் தாண்டினாலே சிறுவர்களுக்கு அதிகம்தான். ஆய்வக அறிக்கையில் பெரியவர்களுக்கான வரம்பை அச்சிட்டு ‘இயல்பு’ என்று போட்டிருப்பார்கள், ஏமாறாதீர்கள்.

பட்டினி போடாதீர்கள். உணவை ஒரேயடியாகக் குறைத்தால், கொழுப்பு கரைவதற்கு முன்பே லெப்டின் சரிந்து பசி இன்னும் கூடும். வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே பாதி வெற்றி: 5 செ.மீ. வளர்ந்து அதே 52 கிலோ இருந்தால் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 27.3-இலிருந்து 25.4-க்கு இறங்கிவிடும். சர்க்கரை கலந்த பானங்களை முதலில் நிறுத்துங்கள். தினமும் 60 நிமிடம் மூச்சிரைக்க விளையாடட்டும். எடை குறையாவிட்டாலும் தசை இன்சுலினுக்கு இணங்கத் தொடங்கும். இரவில் 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் வேண்டும்.

லெப்டினை மறுபடி அளக்கத் தேவையில்லை. 3 மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை அளந்தால் போதும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பது போன்றவை தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.