மிளகுக் கோழிக்கு எந்த ஒயின்?

கேள்வி: கோழி என்றாலே வெள்ளை ஒயின்தான் என்கிறார்களே, அப்படித்தானா?

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. கோழிக்கறிக்குச் சொந்த ருசி மென்மையானது. சேரும் மசாலாவின் குணம்தான் அதற்கும் வரும். அதனால் குழம்பைப் பார்த்து ஒயினை எடுங்கள். பிரான்சின் பர்கண்டியில் 'கோக் ஓ வான்' என்ற சேவல் குழம்பைச் சிவப்பு ஒயின் ஊற்றித்தான் வேக வைக்கிறார்கள். சாப்பிடும்போதும் அந்த ஊர் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின்தான். பிரான்சின் இன்னொரு பகுதியான அல்சாஸில் சேவலை ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் கிரீமும் விட்டுச் சமைப்பார்கள், குடிப்பதும் ரீஸ்லிங்தான்.

கேள்வி: செட்டிநாட்டு மிளகுக் கோழியோடு விலை கூடின கேபர்னே சாவிஞோன் என்ற சிவப்பு ஒயினைத் திறந்தோம். வாய் எரிந்தது, ஒயினும் கசந்தது. பாட்டில் கெட்டுப்போயிருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. சேர்க்கைதான் பிசகு. கேபர்னேயில் திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு அதிகம். பச்சை வாழைப்பூவைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு. காரம் ஏறின நாக்கில் அது கசப்பாகவே தெரியும். ஆல்கஹாலும் 13, 14 சதவீதம் இருக்கும். ஆல்கஹால் கூடக் கூட எரிச்சலும் கூடும்.

காரத்துக்கு நான் முதலில் கைவைப்பது ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங். லேபிளில் 'காபினெட்' என்று இருக்கட்டும், அது லேசான வகை. 'ட்ரோக்கன்' என்றும் போட்டிருந்தால் அது இனிப்பில்லாதது, இந்தக் குழம்புக்கு வேண்டாம். இனிப்பு நிற்கும் காபினெட்டில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். நன்றாகக் குளிரவைத்து, ஒரு வாய் கறிக்கு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள்: இனிப்பு மிளகைத் தணிக்கும், எலுமிச்சைப் புளிப்பு நாக்கில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடும், அடுத்த வாய்க்குக் கை தானே போகும். மோசல் கிடைக்காத ஊரில், நாசிக்கில் செய்யும் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் லேசாக இனிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குறைந்த செலவில் நிறைவான சாப்பாடு.

கேள்வி: சிக்கன் 65? தந்தூரி?

பொரித்ததற்குக் குமிழி விடும் ஒயின். தந்தூரியின் கரிவாசத்துக்கு இனிப்பில்லாத ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின்.

கேள்வி: சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் வைப்பது தவறா?

நம் வெயிலுக்கு வைக்காமல் இருப்பதுதான் தவறு. 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்பது குளிர்நாட்டு அறைகளுக்குச் சொன்னது. சென்னையில் மே மாதத்து வீட்டுக்குள் 32 டிகிரிக்குக் குறையாது; அந்தச் சூட்டில் பழவாசம் அமுங்கி, ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி போதும், பினோ நுவார் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தாலும் நல்லதுதான். ஊற்றுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் உள்ளே வையுங்கள். வெள்ளை ஒயினை நேர்மாறாக, பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். கடுங்குளிரில் அதன் வாசம் எழும்பாது.

கேள்வி: சமைக்க மட்டும் மலிவான 'குக்கிங் ஒயின்' போதுமா?

வேண்டாம். பலவற்றில் உப்பு கலந்திருக்கும். குழம்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கும். குடிக்கப் பிடிக்காத ஒயினைச் சட்டியிலும் ஊற்றாதீர்கள். மிஞ்சின பாட்டிலை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதில் அரைக் கோப்பை எடுத்து, கோழி வறுத்த சட்டியில் ஒட்டியிருக்கும் காந்தலில் ஊற்றிக் கரண்டியால் சுரண்டுங்கள். ஒரு துண்டு வெண்ணெய் போட்டு இறக்கினால் வறுவலுக்குச் சாறு தயார்.