கணவர் போட்ட கையெழுத்து உங்கள் சம்மதம் ஆகாது

கேள்வி (தக்கலை அருகிலிருந்து ஒரு சகோதரி): எட்டு மாதத்துக்கு முன் அரசு மருத்துவமனையில் சிசேரியன், இரண்டாவது குழந்தை. போன வாரம் டிஸ்சார்ஜ் சீட்டை வேறொரு டாக்டர் படித்தபோதுதான், அன்றே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தது. தியேட்டர் வாசலில் என் கணவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நர்ஸ், "ரெண்டு போதாதா?" என்று ஏசியதை மறக்க முடியவில்லை. கேட்கப் போனால், "ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்க, சரிபண்ணிடலாம்" என்கிறார்கள்.

பதில்: சகோதரி, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நர்ஸ் ஏசியது தவறுதான், ஆனால் அது வழக்குக்கு உதவாது. இத்தனை பேருக்குச் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்து ஆபரேஷன் செய்யும் முறையை மத்திய அரசு 1996-லேயே கைவிட்டது. 2016-ல், கருத்தடை முகாம்கள் பற்றிய தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த இலக்கு முறையைக் கண்டித்தது. ஆனால் உங்கள் வழக்குக்கு வேண்டியது ஒன்றே: சம்மதப் படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா? கருத்தடைக்குச் சம்மதிக்க வேண்டியவர் நீங்கள் மட்டுமே. அதுவும் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு, வற்புறுத்தல் இல்லாமல். சமீரா கோலி வழக்கில் (2008), மயக்கத்தில் இருந்தவருக்காக அவர் தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் கணவர் போட்ட கையெழுத்துக்கும் அதே கதிதான்.

எனவே கேஸ் ஷீட் (உங்கள் சிகிச்சைப் பதிவேடு), சம்மதப் படிவம் இரண்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். அவர்கள் நீட்டும் பேப்பரில் "அன்றே எனக்குத் தெரியும்" என்ற வரி ஒன்று இருந்தால் போதும், உங்கள் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த மாவட்டத்தில் திரும்பத் திரும்ப நான் பார்க்கிற விபத்து வேறு. திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு, பிறகு முதல்வர் தனிப்பிரிவு, பிறகு போலீஸ் ஸ்டேஷன். ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேஸ் நடக்கிறது என்று நம்பியிருப்பார்கள். மனு கொடுத்தால் காலக்கெடு நிற்காது. மனித உரிமை ஆணையம் சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பிறகு விசாரிக்க முடியாது; உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம். இலவச சிகிச்சை மட்டுமே தரும் மருத்துவமனை என்பதால் நுகர்வோர் ஆணையக் கதவும் மூடியிருக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். ஆனால் "அந்தப் பெண்ணே கையெழுத்துப் போட்டார்" என்று மருத்துவமனை மறுத்தால், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல வாய்ப்பு அதிகம். அங்கே வருடக்கணக்கு. போலீசை நம்பாதீர்கள், டாக்டர் மீது கிரிமினல் கேஸ் என்றால் முதலில் வேறொரு டாக்டரின் கருத்து கேட்பார்கள்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோர்ட் வாசலில் வயதைக் கரைக்காதீர்கள். மனித உரிமை ஆணையத்தில் புகாரைப் பதிந்துவிட்டு, நாகர்கோவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். அவர் மூலம் சமரசம் கேளுங்கள்: அரசு செலவில் கருக்குழாய் மறு இணைப்பு ஆபரேஷன், கூடவே ஒரு தொகை. மறு இணைப்பு எல்லோருக்கும் பலிப்பதில்லை. அதனால் தொகையை அதன் பலனோடு முடிச்சுப் போடவிடாதீர்கள். பெரிய தொகையை எதிர்பார்க்கவும் வேண்டாம். சமீரா கோலிக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்.

ஆபரேஷனுக்கான ஊக்கத்தொகை உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். வந்திருந்தால், எதற்கென்று தெரியாமல் வந்த பணம் என்று மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் இப்போதே எழுதிவிடுங்கள்.