மரத்துக்கு மரம் தொங்கித் தூங்க: ஹேமக், தார்ப்பாய் கேள்வி பதில்

கூடாரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஹேமக்குக்கு, அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கைக்கு, மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மழையில் நனைந்தும், நடுச்சாமத்தில் முதுகு விறைத்தும், ஒரு முறை கட்டு அவிழ்ந்து தொப்பென்று தரையில் விழுந்தும் கற்றுக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, முதல் தடவையாக வாங்கப் போகிறேன். உயரம் ஆறடி. 2.7 மீட்டர் நீளத்தில் ஒன்றும் 3.3 மீட்டரில் ஒன்றும் பார்த்தேன். சின்னது எடை குறைவு. எதை எடுக்கலாம்?

பதில்: 3.3 எடுங்கள் தம்பி. ஹேமக்கில் நீளவாக்கில் நேராகப் படுத்தால் உடம்பு வில்லாக வளையும். தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் தள்ளிக் குறுக்காகப் படுக்க வேண்டும். அப்போதுதான் துணி விரிந்து முதுகு ஏறக்குறைய சமமாக வரும். அதற்கு நீளமும் வேண்டும், ஒன்றரை மீட்டர் அகலமும் வேண்டும். 2.7 மீட்டரில் ஆறடி ஆள் குறுக்காகப் படுத்தால் கெண்டைக்காலுக்கு அடியில் துணி ஒரு கயிறு மாதிரி இறுகி உறுத்தும். மதியம் அரை மணி நேரம் சாய்ந்து கிடக்கச் சின்னது போதும். ராத்திரி முழுக்க என்றால் அந்த நூறு கிராம் மிச்சத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: ‘டபுள்’ என்று போட்டிருக்கிறதே, நானும் மனைவியும் சேர்ந்து தூங்கலாமா?

பதில்: உட்கார்ந்து பேசலாம். தூங்க முடியாது, இருவரும் நடுவில் வந்து மோதிக்கொள்வீர்கள். ‘டபுள்’ என்பது அகலத்தைச் சொல்வது. ஒருவர் வசதியாகப் படுக்க அந்த அகலம் நல்லது. ஆளுக்கொன்றாக இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள்.

கேள்வி: நன்றாக இழுத்து விறைப்பாகக் கட்டினால் கட்டில் மாதிரி சமமாக இருக்கும் என்று நினைத்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

பதில்: எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இது. விறைப்பாகக் கட்டினால் இரண்டு ஓரமும் சுவர் மாதிரி எழுந்து தோளை நெருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், கட்டின் மேல் விழும் பாரம். நீங்கள் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஹேமக்கை மரத்தோடு கட்டும் பட்டை தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவை. அதையே 10 டிகிரியாக இறுக்கினால் சுமார் 230 கிலோ. 5 டிகிரி என்றால் 460 கிலோவுக்குப் பக்கம்! பட்டை, பக்கிள், மரம் எல்லாவற்றுக்கும் அது வேதனை.

30 டிகிரியை அளக்கக் கருவி தேவையில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ‘ட’ எழுத்து மாதிரி செங்குத்தாக விரித்து, ஆள்காட்டி விரலைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கும் கோடு ஏறக்குறைய அந்தச் சாய்வுதான். தினமும் அளக்க அலுப்பாக இருந்தால் ஹேமக்கின் இரண்டு முனைகளையும் மேலே ஒரு கயிற்றால் இணைத்துவிடுங்கள். ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது வழக்கமான அளவு, 3.3 மீட்டருக்குச் சுமார் 2.75 மீட்டர் கயிறு. அப்புறம் மரங்களுக்கு இடையே தூரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தொய்வு மாறாது. இரவில் கண்ணாடி, டார்ச் தொங்கவிடவும் அதே கயிறு.

கேள்வி: சாதாரண நைலான் கயிறு போதாதா? எந்த மாதிரி மரத்தில் கட்ட வேண்டும்?

பதில்: கயிறு மரப்பட்டையை அறுக்கும். நைலான் நீளவும் செய்யும். படுக்கும்போது முழங்கால் உயரத்தில் இருந்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். மரப்பட்டை மெல்லியதாக இருக்கும் மரமென்றால் 4, 5 சென்டிமீட்டர் அகலம் நல்லது.

மரம் உயிரோடு இருக்க வேண்டும், தொடையைவிடப் பருமனாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே 4 முதல் 5 மீட்டர் இடைவெளி வேண்டும். கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை எங்காவது தொங்கினால் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். பக்கத்து மரமே பட்டுப்போய் நின்றாலும் அப்படித்தான்.

கேள்வி: தார்ப்பாய் எந்த அளவு? சாய்சதுரம், அறுகோணம், கதவு வைத்தது என்று தலை சுற்றுகிறது.

பதில்: இங்கேதான் நான் நீட்டி முழக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹேமக்குக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுத் தார்ப்பாயில் மிச்சம் பிடிப்பவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன். சுமாரான ஹேமக்கில் தூங்கிவிடலாம். ஒழுகுகிற தார்ப்பாய்க்குக் கீழே தூங்க முடியாது.

முதலில் நீளம். தொய்வாகக் கட்டிய பிறகு முனைக்கு முனை உங்கள் ஹேமக் 2.75 மீட்டர் என்றால், தார்ப்பாயின் நடு முதுகு, அதாவது கூரையின் உச்சிக் கோடு, இரண்டு பக்கமும் குறைந்தது 30 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அதாவது 3.35 மீட்டருக்குக் குறையக் கூடாது, 3.6 இருந்தால் நிம்மதி. அகலம் 3 மீட்டர் அளவில்.

சாய்சதுர வடிவம் லேசானது, ஆனால் காற்றோடு வரும் சாரலுக்குத் தாங்காது. அறுகோணம் பெரும்பாலான இரவுகளுக்குச் சரி. இரண்டு முனையிலும் கதவு போல மடங்குவது குளிருக்கும் புயல் காற்றுக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் கதவு வைத்ததை வாங்குங்கள். நல்ல நாளில் கதவை மடித்துக் கட்டிவிடலாம்; கெட்ட நாளில் இல்லாத கதவை எங்கே தேடுவது?

கட்டும்போது காற்று வரும் பக்கத்தைத் தரையை ஒட்டி இறக்குங்கள், எதிர்ப்பக்கத்தைத் திண்ணைக் கூரை மாதிரித் தூக்கிவிடுங்கள். இன்னொன்று: நீங்கள் ஏறிப் படுத்ததும் ஹேமக் இறங்கும், தார்ப்பாய் இறங்காது. சும்மா பார்க்கும்போது நெருக்கமாக இருந்த கூரை, படுத்த பிறகு எட்டாத உயரத்தில் நிற்கும். அந்த இடைவெளியில்தான் சாரல் நுழையும். அதனால் ஹேமக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டே தார்ப்பாயின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சில்நைலானா, சில்பாலியா? 1500, 3000 என்று எண் போடுகிறார்களே, அது என்ன?

பதில்: அந்த எண், துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்ற கணக்கு. தார்ப்பாய்க்கு 1500 போதும். 3000 இருந்தால் சந்தோஷம். சில்நைலான், சில்பாலி என்பவை சிலிக்கோன் பூசிய நைலானும் பாலியெஸ்டரும்தான். நைலான் கிழியாமல் இழுத்துப் பிடிக்கும், ஆனால் நனைந்தால் தொய்யும்; ராத்திரி எழுந்து கயிற்றை இறுக்க வேண்டி வரும். ஓரக் கயிறுகளில் சின்ன ரப்பர் கயிறு சேர்த்தால் அதுவே தொய்வை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது, நான் அதன் பக்கம். எதுவானாலும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள்.

கேள்வி: பெரிய தார்ப்பாய்தான் கட்டியிருந்தேன். மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் முதுகு நனைந்துவிட்டது. தண்ணீர் எங்கிருந்து வந்தது சார்?

பதில்: மரத்திலிருந்து. அடிமரத்தில் வழியும் மழை நீர் உங்கள் பட்டையைப் பிடித்து இறங்கி நேரே ஹேமக் துணிக்கு வந்து சேரும். எனக்கும் முதல் மழை இரவில் இதேதான் நடந்தது. துணிதான் மட்டம் என்று விடிய விடியத் திட்டிக்கொண்டிருந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே, ஹேமக் தொடங்கும் முன்பாக, பட்டையில் ஒரு துண்டு பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். இரண்டு பக்கமும் கட்ட வேண்டும்.

கேள்வி: நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தும் அதிகாலையில் நடுங்கிவிட்டேன்.

பதில்: பையில் சூட்டைப் பிடித்து வைப்பது அதன் உப்பல்தான். உங்கள் எடையில் அடிப்பக்கம் நசுங்கியதும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கூடாரத்தில் கீழே தரை இருக்கிறது. இங்கே காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. அதனால் அவ்வளவு குளிராத இரவிலும் முதுகு சில்லிடும். அண்டர்குயில்ட் என்று விற்கும் அடிப்போர்வையை ஹேமக்குக்கு வெளியே, துணியை ஒட்டித் தொங்கவிட்டால் நசுங்காது. ஆனால் இடைவெளி விழாமல் ஒட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. கையில் ஃபோம் பாய் இருந்தால் இப்போதைக்கு அதையே உள்ளே போடுங்கள். நழுவும், தோள் பக்கம் குளிரும், ஆனாலும் தப்பித்துவிடலாம். இரட்டைத் துணி வைத்த ஹேமக் என்றால் நடுவில் செருகிக்கொள்ளலாம்.

கேள்வி: கொசுவலை போட்டும் கடிக்கிறதே?

பதில்: அடியிலிருந்து கடிக்கிறது. மெல்லிய ஒற்றைத் துணி கொசுவுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரட்டைத் துணி, அடிப்போர்வை, அல்லது ஹேமக்கை முழுக்கச் சுற்றி மூடும் வலை, மூன்றில் ஏதாவது ஒன்று.

கேள்வி: எனக்குக் குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும்.

பதில்: அப்படியானால் கூடாரமே வாங்குங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு ஹேமக் பழகிவிடும், குப்புறப் படுப்பவர்களுக்குப் பழகி நான் பார்த்ததில்லை.

கேள்வி: கையில் பணம் குறைவு. எதை முதலில் வாங்குவது?

பதில்: தார்ப்பாய், பட்டை, முதுகுக்கு ஃபோம் பாய், கடைசியில் சாதாரண ஹேமக். 3க்கு 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய் கிடைத்தால் மூலைவிட்டமாகக் கட்டுங்கள். நடு முதுகு 4.2 மீட்டர் வரும். முனைகள் குறுகலாக இருப்பதால் பலத்த காற்றில் நனைவீர்கள், மற்றபடி சமாளிக்கும்.

கேள்வி: தூங்கும்போது கால்பக்கமாக வழுக்கிக்கொண்டே போகிறேன். ராத்திரி இறங்கவும் பயமாக இருக்கிறது.

பதில்: கால்பக்கக் கட்டைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்துங்கள், வழுக்காது. நீங்கள் உட்கார்ந்த நிலையில் ஹேமக் நாற்காலி உயரத்தில், சுமார் 45 சென்டிமீட்டரில் இருக்கட்டும். இருட்டிலும் கால் தானாகத் தரையில் ஊன்றும். செருப்பைக் கவிழ்த்து வையுங்கள், போடும் முன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போடுங்கள்.