வலைக்கு யார் பணம் கொடுப்பது?

வணக்கம் அக்கா,

மலேரியா தடுப்பூசி பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதைப் படித்தேன். நான் கரூரில் ஒரு கொசுவலைக் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் வலை கடையில் தொங்குகிற வலை இல்லை. நூலிலேயே கொசு மருந்து கலந்திருக்கும். பேல் போட்டு, மேலே ஆப்பிரிக்க நாட்டின் பெயர் அச்சடித்து, துறைமுகத்துக்கு லாரி ஏற்றுவோம். ஆர்டர் இருந்தால் மூன்று ஷிப்ட் ஓடும். போன வருஷம் பாதி மெஷின் நின்றது. அமெரிக்கா பணத்தை நிறுத்திவிட்டது என்று மேனேஜர் சொன்னார்.

டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், "இருபது வருஷமா அடுத்தவன் காசுல வலை கட்டிப் படுக்கிறாங்க. எப்பத்தான் சொந்தக் காசுல வாங்குவாங்க? மாநாடு போட்டு, சினிமாக்காரங்களைக் கூட்டி வந்து கையேந்துறது ஒரு பொழப்பா?" என்று கேட்டார். என் சம்பளமே அதில்தான் வருகிறது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இப்படி நாடு நாடாகப் பேசிப் பணம் திரட்டுவதால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா? எங்களைப் போன்றவர்கள் செய்வதற்கு ஏதாவது உண்டா?

ச. குமரேசன், கரூர்

*

அன்புள்ள தம்பி குமரேசன்,

உங்கள் மேனேஜர் சொன்னது சரிதான், ஆனால் முழுக் கதை இன்னும் கொஞ்சம் பெரியது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அந்த உதவியை நடத்திவந்த யு.எஸ்.எய்டு நிறுவனமே ஜூலையில் மூடப்பட்டது. மலேரியாவுக்காக நாடு விட்டு நாடு போகும் பணத்தில் பாதிக்கும் மேல் ஜெனீவாவில் இருக்கும் குளோபல் ஃபண்ட் என்ற உலக நிதியம் வழியாகப் போகிறது. அதற்கும் அதிகம் கொடுப்பது அமெரிக்காதான். வர வேண்டிய பணம் வராததால், ஏற்கெனவே கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மானியங்களிலிருந்து 143 கோடி டாலரை அந்த நிதியம் 2025 நடுவில் குறைத்தது. நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 1,800 கோடி டாலர் கேட்டார்கள். கிடைத்த வாக்குறுதி 1,134 கோடி. 2022-ல் இதே போன்ற சுற்றில் 1,570 கோடிக்கு வாக்குறுதி வந்திருந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. கரூரில் மெஷின் நிற்கிறது என்றால் அதன் காரணத்தை இந்தக் கணக்கில்தான் தேட வேண்டும்.

உங்கள் நண்பரிடம் வருகிறேன். இது கையேந்தலில் தொடங்கியதாக அவர் நினைக்கிறார். 2000 ஏப்ரல் 25 அன்று நைஜீரியாவின் அபுஜாவில் 44 ஆப்பிரிக்க நாடுகள் கூடின. பத்து ஆண்டுகளில் மலேரியா சாவைப் பாதியாக்குவோம், கொசுவலை மீதான வரியை எடுப்போம் என்று கையெழுத்துப் போட்டன. இன்று உலக மலேரியா தினம் ஏப்ரல் 25-ல் வருவது இதனால்தான். மறுவருடம் அதே அபுஜாவில், பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்றார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், ஆண்டுக்கு 700 முதல் 1,000 கோடி டாலர் வரை திரட்டும் உலக நிதி ஒன்று வேண்டும் என்று கேட்டதும் அந்தக் கூட்டத்தில்தான். 2002-ல் குளோபல் ஃபண்ட் பிறந்தது. குரல் முதலில் நோய் இருந்த இடத்திலிருந்தே எழுந்தது. அந்த 15 சதவீதத்தை எட்டிய நாடுகள் மிகச் சில என்பதும் உண்மை. உங்கள் நண்பரின் கோபத்தில் நியாயம் இருப்பது அந்த இடத்தில். அதற்கு மீண்டும் வருகிறேன்.

அதற்கு முன்னால், பல ஆண்டுகளாக இந்த விஷயத்தைப் படித்து வருவதில் எனக்கு உறுதியாகத் தோன்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் சாகும்போது பணம் திரட்டுவது அவ்வளவு கடினமில்லை. சாவு குறைந்த பிறகு, யாரும் பேசாத காலத்தில், அதே பணத்தை நிற்காமல் வரவைப்பதுதான் கடினம். மலேரியாவுக்காக வாதாடுபவர்களின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. பல முறை அவர்கள் தோற்றதும் அங்கேதான்.

பக்கத்திலேயே இருக்கிறது இலங்கை. அங்கே மலேரியா பெருமழையோடு வருவதைவிட மழை பொய்க்கும்போதுதான் அதிகம் வரும். ஆறு வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும் தண்ணீரில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு முட்டையிடும். 1934-35-ல் அப்படியொரு வறட்சியை அடுத்து சுமார் 80,000 பேர் செத்தார்கள். 1946-ல் நோயாளிகள் 28 லட்சம். பிறகு வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். காய்ச்சல் என்று வந்தவர்களிடம் விரல் நுனியில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார்கள். 1963-ல் தீவு முழுக்கத் தேடியும் கிடைத்த நோயாளிகள் 17 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் வெளியிலிருந்து நோயைக் கொண்டு வந்தவர்கள்.

பதினேழு பேருக்காக ஒரு படையே வைத்திருப்பானேன் என்று எந்த நிதி அமைச்சகமும் கேட்கும். மருந்து அடிப்பது நின்றது. ரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலை தளர்ந்தது. மாணிக்கக்கல் தோண்டப் போனவர்கள், காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்யப் போனவர்கள் என்று ஆட்கள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்தது. 1969-ல் நோயாளிகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மறுபடி மருந்தடிக்கப் போனபோது கொசு டி.டி.டி.க்குப் பழகிக்கொண்டிருந்தது. அதைவிட விலை கூடிய மாலத்தியானுக்கு மாற வேண்டி வந்தது. மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு செலவாயிற்று. தீவு மறுபடி மலேரியாவிலிருந்து விடுபட ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

இந்தியாவிலும் இதேதான். 1950-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு இருந்த மலேரியா, 1960-களின் நடுவில் ஒரு லட்சத்துக்கு வந்தது. 1976-ல் 64 லட்சம். இப்படி 61 நாடுகளில் மலேரியா திரும்பி வந்த 75 சம்பவங்களை ஆராய்ந்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 68-ல் தடுப்புப் பணி தளர்ந்தது ஒரு காரணம். அந்தத் தளர்ச்சிக்கு அதிகமாகச் சொல்லப்பட்ட காரணம் பணம் இல்லாமல் போனது. கொசுவின் பழக்கமும் மருந்தின் தோல்வியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

ஏன் பணம் நின்றது என்று தேடிப் போனால் வாதாடியவர்களின் பேச்சிலேயே ஒரு கோளாறு தெரிகிறது. 1955-ல் உலக சுகாதார நிறுவனம் உலக அளவில் மலேரியா ஒழிப்பை அறிவித்தது. அதற்கான பணத்தில் பெரும்பகுதியை அமெரிக்காதான் கொடுத்தது. அந்நாட்டுக் காங்கிரசில் இதைச் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் வேலையாகச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினார்கள். கெடு முடிந்தது, நோய் முடியவில்லை. 1963-ல் ஒழிப்புக்கென்று இருந்த சிறப்பு நிதிக்கு அமெரிக்கப் பணம் நின்றது. இலங்கையில் 17 பேர் என்று எண்ணிக்கொண்டிருந்த அதே வருடம். 1969-ல் ஒழிப்புத் திட்டமே கைவிடப்பட்டது. 'இந்த ஒரு தடவை கொடுங்கள், முடித்துவிடுகிறோம்' என்று கேட்டால் பணம் சீக்கிரம் கிடைக்கும். சொன்ன தேதிக்கு முடியாதபோது கொடுத்தவருக்கு ஏமாந்த உணர்வு வந்துவிடும். அடுத்து வருகிறவர் என்ன சொன்னாலும் எடுபடாது. எத்தனை ஆண்டு ஆகும் என்பதை முதலிலேயே உள்ளபடி சொல்கிற வாதமே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

சினிமாக்காரர்களைப் பற்றிக் கேட்டாரல்லவா உங்கள் நண்பர். 2005 ஜனவரியில் டாவோஸ் பொருளாதார மாநாட்டில் தான்சானியா அதிபர் பெஞ்சமின் எம்காபா தன் நாட்டில் கொசுவலை இல்லாமல் குழந்தைகள் சாவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்த நடிகை ஷரோன் ஸ்டோன் எழுந்து, நான் 10,000 டாலர் தருகிறேன், வேறு யார் தருகிறீர்கள், எழுந்து நில்லுங்கள் என்றார். சில நிமிடங்களில் பத்து லட்சம் டாலர் சேர்ந்தது. பிற்பாடு கைக்கு வந்தது அதில் கால் பங்குதான் என்று செய்திகள் வந்தன. மீதியை யுனிசெஃப் ஈடுகட்டியது. அந்த நடிகையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுந்ததால்தான் உலகப் பத்திரிகைகள் கொசுவலை பற்றி எழுதின. ஆனால் நெகிழ்ந்த மனங்களை மட்டும் நம்பி இந்த வேலையை நடத்த முடியாது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களே வலை செய்கிறவர். துவைத்து, கிழிந்து, மருந்து தேய்ந்து, ஒரு வலை உழைப்பது மூன்று ஆண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்கப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். சுமார் இரண்டு டாலர் வலைதான். ஆனால் அது மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். டெண்டர், உங்கள் மெஷின், கப்பல், துறைமுகக் கிடங்கு, லாரி, கடைசியில் சைக்கிளிலோ தலைச்சுமையாகவோ ஒரு கிராமம் என்று மாதக்கணக்கில் நீளும் பயணம் அது. சஹாராவின் தெற்கு ஓரத்து நாடுகளில் மழைக்கால மாதங்களில் குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். அங்கே பணம் ஒரு காலாண்டு தாமதித்தால் அந்த மழைக்காலமே போய்விடும். அடுத்த காலாண்டில் இரட்டிப்பாகக் கொடுத்தும் அதைச் சரிக்கட்ட முடியாது.

குளோபல் ஃபண்ட் மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடுகளைக் கூட்டி, எவ்வளவு தருவீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்பதன் அருமை இதில்தான் இருக்கிறது. சலிப்பூட்டும் மாநாடுதான். ஆனால் எந்த ஆண்டு எவ்வளவு வரும் என்று ஒரு சுகாதார அமைச்சகத்துக்கு முன்கூட்டியே தெரிவதற்கு இதுவரை கண்ட வழிகளில் இதைவிட நல்லது இல்லை. 2000-க்கும் 2015-க்கும் இடையில் ஆப்பிரிக்காவில் சுமார் 66 கோடி மலேரியா காய்ச்சல்கள் தடுக்கப்பட்டன என்று கணக்கிட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு வலையால் மட்டும். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் அதுதான்: பயன் இருந்தது.

இப்போது நண்பரின் நியாயம். நோயுள்ள நாடுகள் எதுவுமே போடவில்லை என்பது தவறு. மலேரியாச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றின் சொந்தப் பணம். ஆனால் அது போதாது. 2024-ல் உலகம் முழுக்க மலேரியாவுக்குச் செலவானது 390 கோடி டாலர். தேவை என்று வைத்த இலக்கோ 930 கோடி. அந்த ஆண்டு 28 கோடிப் பேருக்கு நோய் வந்தது, 6.1 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இந்த இடைவெளியை வெளியார் மட்டும் அடைக்க மாட்டார்கள் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஆகவே வாதாடுகிறவர்கள் வாஷிங்டன், லண்டன் கதவுகளைத் தட்டுவதைப் போல அபுஜா, காங்கோவின் கின்ஷாசா போன்ற தலைநகரங்களில் இருக்கும் நிதி அமைச்சர்களின் கதவையும் தட்ட வேண்டும். அதற்கான தொடக்கங்கள் இருக்கின்றன. 2009-ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டணி அமைத்து, எந்த நாடு சொன்னதைச் செய்தது என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் மதிப்பெண் பட்டியல் போடுகிறார்கள். பக்கத்து நாடு பச்சையில் இருக்கும்போது சிவப்பில் நிற்க எந்த அதிபரும் விரும்புவதில்லை. 2025-ல் அமெரிக்கப் பணம் நின்றதும் நைஜீரிய நாடாளுமன்றம் சுகாதார பட்ஜெட்டில் 20 கோடி டாலர் கூடுதலாகச் சேர்த்தது. உலகின் மலேரியா சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நிகழும் நாடு அது. தொகை சிறிது, திசை சரி.

நாமும் இதில் வெளியார் இல்லை. போர் நடந்த காலத்திலும் இலங்கையில் மலேரியாப் பணி நிற்கவில்லை. வடக்கு, கிழக்குக்கும் மருந்தும் வலையும் போயின. அதில் குளோபல் ஃபண்ட் பணமும் இருந்தது. 1999-ல் 2.6 லட்சமாக இருந்த நோயாளிகள் 2011-ல் 200-க்கும் கீழே வந்தார்கள். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அடுத்த சில மாதங்களிலேயே, அதே ஆண்டு டிசம்பரில், மன்னாரில் அதுவரை அந்தத் தீவில் இல்லாத ஒரு கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அனாபிலிஸ் ஸ்டெஃபென்சி. சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பும் அதே இனம். 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டு, எத்தியோப்பியாவின் டைர் தவா நகரில் 2022-ல் பெரிய நோய்ப்பரவலை உண்டாக்கியதும் இதுதான். மன்னாரில் உடனே கிணறு கிணறாகப் போய்த் தேடினார்கள். நோயாளி இல்லாத நாட்டில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்ததால் அது முடிந்தது. 1963-ல் மிச்சம் பிடித்தது அந்தச் சம்பளத்தைத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வி. இந்தியா குளோபல் ஃபண்டிடம் வாங்கியும் இருக்கிறது, கொடுத்தும் இருக்கிறது. 2022-ல் நாம் வாக்களித்தது 2.5 கோடி டாலர். ஆர்21 என்ற புதிய மலேரியா தடுப்பூசி பூனாவில் தயாராகிறது, வலை கரூரில். இதில் இவ்வளவு பங்குள்ள நாடு இன்னும் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. இதை நாடாளுமன்றத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். நாம் எவ்வளவு வாக்களித்தோம், எவ்வளவு கட்டினோம், அடுத்த மூன்றாண்டுக்கு எவ்வளவு என்று சுகாதார அமைச்சரிடம் எழுத்துக் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கொசுவலை உற்பத்தியாளர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. உங்கள் சம்பளம் இதில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம், கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா