1/10 பக்கி (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் பந்தயக் கார்): ஞாயிறு மட்டும் ஓட்டினால் போதுமா?

ஞாயிறு மட்டும் 8 பேட்டரி ஓட்டுகிறேன், மூன்று மாதமாக நேரம் குறையவில்லை, இது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அதைவிட வாரம் 2 நாள், நாளுக்கு 4 பேட்டரி நல்லது. கிளப் பந்தயத்தில் நடுவரிசைக்கு வர இது போதும், ஆனால் ஆறு மாதமாவது விடாமல் ஓட்டவேண்டும். நீங்கள் செய்வதுபோல் ஞாயிறன்று ஒரே மூச்சில் 8 பேட்டரியைக் காலிசெய்தால், கடைசி மூன்று நான்கில் கண்ணும் விரலும் சோர்ந்து தவறுகளே பழக்கமாகிவிடும்.

மூன்று மாதமாக முடிவு நேரம் குறையாததற்கு வேகம் காரணமாக இருக்காது. கவிழ்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு லேப் (தடத்தை ஒருமுறை சுற்றுவது) 20 விநாடி என்றால் 5 நிமிடத்தில் 15 லேப். லேப்புக்கு 0.3 விநாடி மிச்சம் பிடித்தாலும் மொத்தம் 4.5 விநாடிதான். கார் ஒருமுறை கவிழ்ந்து, மார்ஷல் (தடத்தோரம் நிற்கும் உதவியாளர்) ஓடிவந்து நிமிர்த்துவதற்குள் அத்தனையும் போய்விடும்.

இதைச் சோதித்துப் பாருங்கள்:

1. டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்) த்ராட்டில் உச்சத்தை, அதாவது வேக விசையின் அதிகபட்ச அளவை, 70 சதவீதமாக்குங்கள். பெரிய ஜம்ப்பைத் தாண்டாவிட்டால் 80.

2. 5 நிமிடம் ஓட்டி எல்லா லேப் நேரத்தையும் குறியுங்கள். சராசரிக்கும் சிறந்த லேப்புக்கும் 1 விநாடிக்குமேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங், ஷாக் ஆயில் (அதிர்வு தாங்கியில் உள்ள எண்ணெய்) எதிலும் கைவைக்காதீர்கள். கோளாறு ஓட்டுவதில்தான்.

3. அந்த 5 நிமிட ஓட்டத்தைக் கவிழாமல் தொடர்ந்து மூன்று முறை முடித்த பிறகு த்ராட்டில் உச்சத்தை 5 சதவீதம் ஏற்றுங்கள்.

மண் தடமென்றால் காலை ஈரத்தில் எடுத்த நேரத்தை மதியம் காய்ந்தபின் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். பின்டயர் முட்கள் பாதி தேய்ந்திருந்தால் முதலில் டயரை மாற்றுங்கள். பிடிப்பில்லாத டயரில் எடுத்த கணக்கு எதையும் காட்டாது.